கன்று நடக் காசு இருக்கிறது, தீக்காவலுக்கு ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரி தொடங்கிவிட்டால் உங்கள் பத்திரிகையில் மரநடுகைப் படம் வராத வாரம் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர் ஒரே கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பக்கத்தில் பெனர், பின்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடசாலைப் பிள்ளைகள். இந்த வருடமும் வரும். போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் அதே கன்றுக்கு அடுத்த ஆவணியில் என்ன நடந்தது என்று எந்தப் பத்திரிகையிலும் ஒரு படம் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும், இடம் போதாவிட்டால் வெட்டுங்கள், தீயைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

நான் கிரான் பக்கத்து ஆள். கொஞ்சம் வயல், கொஞ்சம் மாடு. மட்டக்களப்பு, அம்பாறை என்றால் வெளியாருக்குக் கடலும் வாவியும் வயலும்தான் நினைவுக்கு வரும், இங்கே மலைக்காடு என்று பேச்செடுத்தால் அது நுவரெலியாக்காரருடைய பிரச்சினை என்பது போலப் பார்க்கிறார்கள். எங்கள் குடும்பிமலை 534 மீற்றர்தான், மலைநாட்டுக்காரர் அதை மலையென்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, உயரத்தை விடுவோம். தண்ணீர் எங்கே இருந்து வருகிறது? பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறந்து இங்கினியாகலைக்கு வந்து சேனாநாயக்க சமுத்திரத்தை நிரப்பிவிட்டுத்தான் கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. மாதுறு ஓயாவும் ஊவாப் பக்கத்து மலையில் தொடங்கித்தான் வடக்கே எங்கள் மாவட்டத்துக்குள் வருகிறது. முந்தனை ஆற்றுக்கு மகாஓயாப் பக்கத்துக் குன்றுகள். மட்டக்களப்பு நகரத்தில் குழாயைத் திறந்தால் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். 1954 இல் கல்லோயாத் தேசிய பூங்காவையும் 1983 இல் மாதுறு ஓயாத் தேசிய பூங்காவையும் அறிவித்ததே முக்கியமாக நீரேந்து பகுதியைக் காப்பதற்கு என்பதை இப்போது யானை பார்க்கப் போகிற ஆட்கள் அவ்வளவாக அறிய மாட்டார்கள். 2018 இல் புல்லுமலையில் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலை வேண்டாம் என்று மாவட்டமே கடையடைத்து நின்றதே, அந்தக் கோபத்தில் கால்வாசியாவது அந்தத் தண்ணீரைத் தருகிற குன்றுகள் வருடா வருடம் எரிவதைப் பார்த்தும் வர வேண்டும்.

எரிகிறது என்று சும்மா சொல்லவில்லை. வைகாசிக் கடைசியில் கச்சான் காற்று தொடங்கும். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது வெறும் சூட்டுக்காற்றாக வருகிறது, உதடு வெடிக்கும், வாய்க்கால் வெடிக்கும், மானாப்புல்லும் இலுக்கும் கினிப்புல்லும் காய்ந்து ஆளுயரத்துக்கு நிற்கும். அதில் ஒரு நெருப்புக்குச்சி. எங்கள் காட்டில் தீ தானாகப் பிடிப்பதில்லை, மின்னல் வருகிற காலத்தில் மழையும் கூடவே வந்துவிடுகிறது. வைக்கிறவர்கள் மனிதர்கள்தான். மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று பட்டிக்காரர் சிலர், இளம்புல்லுக்கு மான் வரும் என்று வேட்டைக்காரர், சேனைப் பயிருக்குக் காட்டை எரிக்க வைத்தது எல்லை தாண்டிப் போனது, தேனுக்குப் போனவர் தீப்பந்தத்தை அணைக்காமல் விட்டது, பீடியை எறிந்தது. ஆவணியில் இரவில் பார்த்தால் குன்றுச் சரிவில் சிவப்பாக ஒரு கோடு மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். யாரும் அணைக்கப் போவதில்லை. அது யாருடைய வேலை என்றும் யாருக்கும் தெரியாது.

மரத்தை வெட்டியதால்தான் காடு போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், முதிரையும் பாலையும் கருங்காலியும் லொறியில் போன கதை எல்லா ஊரிலும் இருக்கிறது, 1978 சூறாவளி கொஞ்சத்தைச் சாய்த்தது, போர்க்காலத்தில் பாதுகாப்புக்கு என்று வீதியோரக் காடு துப்புரவாகத் தள்ளப்பட்டது. ஆனால் வெட்டிய காடு திரும்பி வரும். எங்கள் காலநிலையில் நல்லாகவே வரும். திரும்பி வரவிடாமல் பிடித்து வைத்திருப்பது தீதான். சந்தேகம் என்றால் மலையடிவாரத்தில் புல் மண்டிய ஒரு சரிவுக்குப் போய்ப் புல்லை விலக்கிப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு நாவல் நிற்கும், புதுக்கன்று என்றுதான் நினைப்பீர்கள். அடி மண்ணைக் கையால் கிளறினால் மனிதத் தலையளவுக்கு ஒரு கட்டை, மேலெல்லாம் கரி, அதிலிருந்து ஐந்தாறு துளிர். இரண்டு மூன்று துளிர் போன வருடத் தீயில் கருகிக் கறுப்புக் குச்சியாக நிற்கும், மற்றது பச்சையாக, கொழுந்து செம்புநிறத்தில். பச்சையாக இருப்பதும் வருகிற ஆவணியில் கரியாகும், அடுத்த மாரியில் கட்டை மறுபடி துளிர்விடும். வீரையும் விண்ணாங்கும் முதிரையும் இதே பாடுதான். அந்தக் கட்டையின் வேர் எத்தனை வருடப் பழையது என்று சொல்ல முடியாது, என்னை விட மூத்ததாகவும் இருக்கலாம். ஆழத்தில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. மூன்று நாலு வருடம் தொடர்ந்து தீ படாவிட்டால் அது ஆளுயரம் தாண்டும், நிழல் விழும், நிழல் விழுந்தால் புல் தானாக மெலியும், புல் மெலிந்தால் தீக்கு விறகு இல்லை. கன்று வாங்கத் தேவையில்லை, குழி வெட்டத் தேவையில்லை, பெனர் அடிக்கத் தேவையில்லை.

இப்போது நடுகைக்கு வருவோம். சில வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு திணைக்களமும் ஒரு வங்கியும் சேர்ந்து ஒரு சரிவில் கன்று நட்டார்கள். எந்தத் திணைக்களம், எந்த வங்கி என்று எழுதப் போவதில்லை, எழுதினால் பேச்சு அதைச் சுற்றியே போகும். மார்கழி நடுப்பகுதியில் வந்தார்கள், ஏனென்றால் வருடம் முடிவதற்குள் காசைச் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டும். ஐப்பசி முதல் மழைக்கு நட்டிருந்தால் கன்றுக்கு நாலு மாத ஈரம் கிடைத்திருக்கும், இவர்கள் நட்டதற்குக் கிடைத்தது பாதி. சில கன்றுகளில் கறுப்புப் பொலித்தீன் பையைக் கழற்றவே இல்லை, அப்படியே குழிக்குள் வைத்து மண் போட்டிருந்தார்கள், பிறகு இழுத்துப் பார்த்தபோது வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. இதில் கொடுமை என்னவென்றால், நடுவதற்கு இடம் வேண்டும் என்று சரிவை முழுக்க வெட்டித் துப்புரவாக்கியபோது, மேலே சொன்ன நாவல் துளிரும் வீரைத் துளிரும் பற்றை என்று கணக்கில் போய்விட்டன. இருந்த காட்டை வெட்டிவிட்டுக் காடு நட்டார்கள்! ஆவணியில் தீ வந்தது. கன்றுக்கு முட்டுக் கொடுத்த கம்பு சில இடங்களில் மிஞ்சியது.

அந்த உத்தியோகத்தர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வந்த படிவத்தில் எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேள்வி இருந்திருக்கும், எத்தனை ஏக்கர் எரியாமல் காத்தீர்கள் என்று இருந்திருக்காது. நாட்டின் காட்டுப் பரப்பை 2030 இற்குள் 32 வீதமாக்குவோம் என்று உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், 2021 இலிருந்து 2030 வரை சூழல்தொகுதி மீளமைப்புப் பத்தாண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையும் சொல்லிவிட்டது, ஆகவே மேலிருந்து கீழே இலக்கு வருகிறது, இலக்கை எண்ணிக் காட்ட எளிதானது கன்றுதான். தேக்குக் கன்று, மலைவேம்புக் கன்று, மரமுந்திரிகைக் கன்று. பாலைக் கன்று கேட்டால் இல்லை என்பார்கள், அது முளைத்து வளர மெதுவாம். மெதுவான மரத்தை வெட்டுகிறபோது யாரும் நேரம் பார்க்கவில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்கு அது மிகவும் பிடித்தது. பிலிப்பைன்ஸ் மலைச்சரிவுகளிலும் இதே இலுக்குப் புல்தான் பிரச்சினை. அங்கே முதலில் புல்லுக்குள் ஒளிந்திருக்கிற இயற்கைக் கன்றுகளைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு அடையாளம் வைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு முழம் களை பிடுங்குகிறார்கள். மிச்சப் புல்லை வெட்டுவதில்லை, ஒரு நீளப் பலகையின் இரண்டு முனையிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, பலகையைப் புல்லின் மேல் போட்டு மிதித்து மிதித்து முன்னே போகிறார்கள். வெட்டிய இலுக்கு முன்னை விட மூர்க்கமாகக் கிளம்பும், இது வயல்காரர் எல்லாருக்கும் தெரியும், ஆனால் மிதித்துச் சாய்த்த இலுக்கு சாய்ந்தபடியே கிடந்து தன் அடித்தூருக்கே வெளிச்சம் போகாமல் மறைக்கிறது. தீ வந்தாலும் சாய்ந்த புல்லில் சுவாலை உயராது. பலகையும் கயிறும், இரண்டு ஆளும். கினிப்புல் அதை விட முரடு, அது பலகைக்கு மடங்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதற்கு எங்களிடம் வேறு ஆள் இருக்கிறது. மாடு.

மாடு காட்டுக்கு எதிரி என்று ஒரேயடியாக முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள், அதிலும் கொழும்பிலிருந்து வருகிற சில சூழல்காரர். மாட்டைக் கண்டபடி விட்டால் துளிரையும் மேயும், மிதிக்கும், அது உண்மை. ஆனால் கினிப்புல் முதல்தரமான மாட்டுத்தீன். பங்குனி சித்திரையில், அது முற்றிக் காய்வதற்கு முன், தீத்தடுப்புப் பட்டியாக எந்தக் கீற்றை வெறுமையாக்க வேண்டுமோ அந்தக் கீற்றில் மாட்டை மேயவிட்டால் காசு கொடுத்து வெட்டுகிற வேலையில் பாதி மிச்சம். உள்ளே துளிர் இருக்கிற இடத்துப் புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டு வந்து போடலாம். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வாழ்நாள் முழுக்கப் பட்டியோடு திரிந்தவர், அவரிடம் நெருப்பு வைப்பதைப் பற்றிக் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: "ஓம் மனே, வைக்கிறதுதான். மாட்டுக்குப் புல்லு வேணுமே. ஆவணில புல்லுக்கு ஒரு வழியக் காட்டு, நான் ஏன் நெருப்பு வைக்கப் போறன்?" இதை விடத் தெளிவாக ஒரு திட்ட அறிக்கையிலும் நான் வாசித்ததில்லை.

ஆனால் பட்டிக்காரர் இன்றைக்கு இருக்கிற நிலையில் போய்க் காடு வளர்ப்போம் வாருங்கள் என்றால் அடிக்க வருவார்கள், அதற்கும் காரணம் இருக்கிறது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரையில் வெளியார் வந்து பயிர் செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் குந்திய பண்ணையாளர்களின் கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரியும், நான் திரும்ப எழுதத் தேவையில்லை. ஒரு பக்கம் மேய்ச்சல்தரை போகிறது, இன்னொரு பக்கம் பரம்பரையாகச் செய்த மேட்டுநிலத்தில் எல்லைக்கல் விழுகிறது. காடு என்ற சொல்லைக் கேட்டாலே அடுத்ததாக எதைப் பறிக்கப் போகிறார்கள் என்று பயப்படுகிற ஆட்களிடம் காட்டைக் காக்கச் சொல்கிறோம். மேய்ச்சல்தரை எது, காடாக விடுகிற இடம் எது என்று வரைபடத்தில் கோடு போட்டு, மேய்ச்சல்தரையை வர்த்தமானியில் போட்டுப் பண்ணையாளரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். வரிசை மாறினால் ஒன்றும் நடக்காது.

நேபாளத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒரு காலத்தில் அந்த நாட்டு மலைச்சரிவெல்லாம் மொட்டை, மண்சரிவு. 1993 இல் ஒரு வனச் சட்டம் கொண்டுவந்து, மலையடிவாரத்து ஊர்களில் குழு அமைத்து, இன்ன எல்லைக்குள் இருக்கிற காடு உங்களுடையது, விறகும் புல்லும் சருகும் நீங்களே எடுங்கள், எப்போது எடுப்பது எவ்வளவு எடுப்பது என்று நீங்களே தீர்மானியுங்கள், காப்பதும் நீங்கள்தான் என்று ஒப்படைத்தார்கள். செய்மதிப் படங்களை வைத்துப் பார்த்தபோது 1992 இல் 26 வீதமாக இருந்த காட்டுப் பரப்பு 2016 இல் 45 வீதமாகியிருந்தது. அதில் பெரும்பகுதி யாரும் நட்ட மரம் இல்லை, ஆடுமாட்டையும் தீயையும் ஊரே கட்டுப்படுத்தியதால் தானாக வந்தது. எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டேன், காடு திரும்பிய மலைக்கிராமங்களில் குரங்குத் தொல்லையும் சிறுத்தைத் தொல்லையும் கூடியிருக்கிறது என்று அங்கேயும் புலம்புகிறார்கள்.

குரங்குக்கே புலம்பினால், யானைக்கு நாங்கள் என்ன சொல்வது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்கள் முதலில் கேட்கப் போவது அதைத்தான்: காட்டை வளர்த்து யானையை இன்னும் கூட்டப் போகிறாயா? வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு ஆட்கள் இரவில் யானைவெடியும் டோர்ச்சுமாகத் தூக்கமில்லாமல் இருக்கிறவர்கள், அவர்கள் கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். காடு வளர்த்தால் யானை ஊருக்குள் வராது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அது அவ்வளவு எளிதான கணக்கு இல்லை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை உலாவுகிறது, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மனிதரும் குடியிருக்கிறார்கள். அடர்ந்த பெருங்காட்டை விட, கைவிட்ட சேனையும் புல்லும் பற்றையும் குளத்தடியும்தான் யானைக்கு விருப்பம். 2023 இல் மட்டும் நாட்டில் 400 இற்கு மேற்பட்ட யானைகளும் 150 இற்கு மேற்பட்ட மனிதர்களும் செத்திருக்கிறார்கள், இதை மரநடுகையால் தீர்க்க முடியாது, ஊரைச் சுற்றி ஒழுங்காகப் பராமரிக்கிற வேலி வேண்டும், அறுவடை முடிந்த பிறகு கழற்றுகிற வயல்வேலி வேண்டும். நான் சொல்வது அதை விடச் சின்ன விஷயம். ஆவணியில் குன்று முழுக்க எரிந்து கரியாகிற நேரத்தில்தான் எங்கள் வயலில் சிறுபோக நெல் விளைந்து நிற்கிறது. மேலே ஒரு வாய்ப் புல் இல்லை, கீழே பச்சைப்பசேல். யானை வேறு எங்கே போகும்? எரியாத குன்றில் குறைந்தது அந்த மாதத்துக்கு அதற்கு ஏதாவது மிஞ்சும். விளாம்பழத்தையும் பாலைப்பழத்தையும் தின்றுவிட்டுப் போகிற வழியெல்லாம் விதைக்கிற வேலையையும் அது காசு வாங்காமல் செய்கிறது. கரடியும் அப்படித்தான், பாலைப்பழக் காலத்தில் அதற்கு வேறு நினைப்பே இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் எழுதிவிடுகிறேன். வெறும் புல்லாகத் தெரிகிற எல்லா இடமும் அழிந்த காடு என்று நினைத்துவிடக் கூடாது. கல்லோயாப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள், ஆளுயர மானாப்புல்லுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிற வெளி. நாட்டுவைத்தியர் சேர்க்கிற திரிபலா மூன்றும் ஒரே இடத்தில். அந்த வெளி அப்படித்தான் இருக்க வேண்டும், இரத்துகலவில் இருக்கிற வேடுவ மக்கள் அதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள், அங்கே போய் வரிசை வரிசையாக மரம் நட்டு அடைத்தால் அது சீரமைப்பு இல்லை. ஊவாவில் இந்தப் பிழை நடந்து முடிந்துவிட்டது. மலைநாட்டுப் பத்தனைப் புல்வெளியிலும் கைவிட்ட தேயிலையிலும் கரிபியன் பைனும் யூக்கலிப்டஸும் நட்டுத் தள்ளினார்கள், தூரத்தில் பார்க்கப் பச்சை, உள்ளே போனால் ஊசி இலை மெத்தையாகக் காய்ந்து கிடக்கும், கோடையில் அதுதான் முதலில் எரிகிறது, ஊற்று வற்றிவிட்டது என்று அங்குள்ள சனம் வருடக்கணக்காகச் சொல்கிறது. எங்கள் ஆறு தொடங்குகிற மலைகள் அவை. அதற்காகப் பைனை எல்லாம் ஒரே நாளில் வெட்டவும் கூடாது, மண் கீழே வந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து சிங்கராஜாவின் ஓரத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள்: பைன் வரிசைகளில் சிலவற்றை எடுத்து, அந்த இடைவெளியில் உள்ளூர்க் காட்டு மரங்களை நட்டால், மிஞ்சிய பைன் நிழலில் அவை நன்றாக எழும்புகின்றன. அது ஈரவலயம், ஊவாவில் மரமும் கால அளவும் வேறாக இருக்கும், ஆனால் வழி இருக்கிறது. இங்கே அம்பாறையில் கூட்டம் போட்டு நீரேந்து பகுதி என்று பேசுகிற எங்கள் அரசியல்வாதிகள் பதுளைக்கு ஒருமுறை போய் அந்த மாவட்டத்துக்காரருடன் இதைப் பேசியிருக்கிறார்களா?

காடு இருந்தால் வெள்ளம் வராது என்று பிரசங்கம் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. 2011 தை மாதம் கொட்டியது போலக் கொட்டினால் எந்தக் காடும் நிறுத்தாது. காடு செய்வது வேறு வேலை. சாதாரண மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கி வைத்துச் சித்திரை வைகாசி வரை கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, மண்ணைப் பிடித்து வைக்கிறது. எரிந்து வெறுமையாகிக் கிடக்கிற சரிவில் முதல் மாரி விழுந்ததும் வாய்க்காலில் தேத்தண்ணி நிறத்தில் வருகிறதே, அது முழுக்க மலையின் மேல்மண். குளத்தடியில் போய்ப் படிகிறது. குளம் தூர்ந்தால் திருப்பித் தோண்டக் கோடிக்கணக்கில் ரூபா கேட்கிறோம், சிறுபோகத்துக்கு ஏக்கரைக் குறைத்துப் பங்கு போட்டு, தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையோடு சண்டை பிடிக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மரநடுகைக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பகுதியைத் தீக்காவலுக்கு மாற்றுங்கள். முதலில் ஒரு குன்று போதும், குடும்பிமலைச் சரிவில் ஒரு பக்கம், அம்பாறையில் மகாஓயாப் பக்கம் ஒன்று. வைகாசியில் அடிவாரத்தைச் சுற்றி இருபது முப்பது அடி அகலத்தில் புல்லை நீக்கித் தீத்தடுப்புப் பட்டி போட வேண்டும், ஆனியிலிருந்து ஐப்பசி மழை வரை அடிவாரத்து ஊர்களிலிருந்து ஆட்களை நாட்கூலிக்குக் காவலுக்குப் போட வேண்டும். பட்டிக்காரரும் தேன் எடுக்கிறவரும்தான் அந்த ஆட்களாக இருக்க வேண்டும், நெருப்பு எங்கே எப்படித் தொடங்கும் என்று அவர்களை விட வேறு யாருக்குத் தெரியும், அவர்கள் வீட்டில் அந்த மாதங்களில் வேறு வருமானமும் இல்லை. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, மழை வந்த பிறகு, எரியாத ஏக்கரைப் பார்த்துக் கொடுங்கள். வெளியூர்க் கொந்தராத்துக்காரரிடம் கொடுத்தால் அடுத்த வருடமும் இதே கடிதத்தை எழுத வேண்டி வரும். மூன்றாம் வருடத்தில் போய்ப் பாருங்கள், எங்கே துளிர் ஒன்றுமே இல்லையோ, கட்டையும் இல்லையோ, அந்த இடத்துக்கு மட்டும் கன்று வையுங்கள். அதையும் பரவலாக வைக்காமல் கூட்டம் கூட்டமாக, ஆலும் இத்தியும் நாவலும் கலந்து வைத்தால் பறவை வந்து குந்தும், மற்ற விதையை அது கொண்டுவரும். கொஸ்தாரிக்காவில் இப்படித் தீவு தீவாக நட்டுப் பார்த்தார்கள், முழு நிலத்தையும் நட்டதற்குக் கிட்டத்தட்டச் சமமாகக் காடு வந்தது, செலவு குறைவு.

கன்றுக்கு விதை வேண்டுமென்றால் பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய்ப் பழம் பொறுக்கி வந்து வீதியோரத்தில் விற்கிற பெண்களிடம் கேளுங்கள். எந்த மரம் இனிப்பு, எது எந்த வருடம் காய்க்கும் என்று மரம் மரமாகச் சொல்வார்கள். விதைக்குக் கிலோக் கணக்கில் விலை போட்டு வாங்குங்கள், அவர்களுக்கே நாற்றுமேடை போடவும் உதவுங்கள். பழத்தை நாங்கள் தின்றுவிட்டு விதையை வீதியில் துப்புகிறோம், திணைக்களம் பாலைக் கன்று இல்லை என்கிறது.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்த வருடத் திட்டங்களைப் பிரதேச செயலகங்களில் எழுதி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு அனுப்புகிற நேரம் வருகிறது. கிரான், செங்கலடி, பட்டிப்பளை, மகாஓயா பிரதேச செயலாளர்கள் ஒரு வரி சேர்த்தால் போதும்: தீக்காவல், ஆனி முதல் ஐப்பசி வரை, உள்ளூர்க் கூலி. காசு வைகாசிக்குள் கைக்கு வர வேண்டும், அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். வழக்கம் போலக் கார்த்திகையில் வந்தால் மறுபடி கன்று வாங்கத்தான் உதவும்.

இப்படிக்கு,
கிரான் விவசாயி ஒருவர்,
மட்டக்களப்பு.